உள் டயருக்குத் தொண்ணூறு

எனக்கு டயர்னா சின்ன வயசுல இருந்தே பிடிக்கும் இன்ஸ்பெக்டர் மேடம். கிரிக்கெட்டு, சினிமா எதுவும் அவ்வளவா ஏறாது. பஸ்ஸுல போனா எல்லாரும் ஜன்னல் வழியா மலையப் பாப்பாவ, நான் பக்கத்துல வார லாரியோட டயரப் பாப்பேன். எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு, எதனால தேஞ்சிருக்குன்னு. சொன்னா ஆளுக சிரிக்கும். சிரிச்சிட்டுப் போகட்டும்.

நீங்க கேட்டது புளியரை எஸ் வளைவுல எங்க ரெக்கவரி வண்டி கவுந்ததப் பத்தி. ஆனந்தவள்ளி மதினி செத்ததப் பத்தி. அதுக்கு வாறேன். டயரச் சொல்லாம அதச் சொன்னா நீங்க என்னையத் தப்பா நெனச்சிருவீங்க, அதான்.

எங்க மொதலாளி கிதிர் முகம்மதுக்கு இலஞ்சி ரோட்டுல ஷெட்டு. இருக்கது ஒரே ஒரு ரெக்கவரி வண்டி. சாரல் விழ ஆரம்பிச்சிட்டா குற்றாலத்துக்கு வார காருல, வேன்ல நாலஞ்சாவது தெனமும் எங்கனயாவது நின்னுபோவும். அதத் தூக்கி முதுகுல ஏத்திட்டுப் போறதுதான் எங்க பொழப்பு. ஓட்டுதது நல்லதம்பி அண்ணாச்சி, ஆனந்தவள்ளி மதினியோட வீட்டுக்காரரு. வண்டியப் பாத்துக்கிடுதது நான், இசக்கிமணி.

அந்த வண்டிக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் ரெட்டை டயரு. ஒட்டி ஒட்டி இருக்கும். வெளி டயரு கண்ணுக்குத் தெரியும், உள் டயரு தெரியாது. உள் டயருல காத்து கொறஞ்சா வண்டி சாயாது, சத்தம் வராது, ஸ்டியரிங்கும் ஒண்ணும் சொல்லாது. வெளி டயரு ஒத்தையா ரெண்டு பாரத்தையும் சொமக்கும். சொமந்துக்கிட்டே சூடாகும். பாரம் ஏத்துனா எங்க வண்டி டயருக்குக் காத்து தொண்ணூறு பாயிண்டு இருக்கணும். அதுல அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சாலே அந்த டயரு இல்லன்னு வச்சுக்கிடணும். கடைசில வெளி டயரு வெடிக்கும். அதுக்கப்புறம்தான் உள் டயரு வெத்துன்னு தெரியும், தெரியுத நேரத்துல அதுவும் சேந்து உக்காந்திருக்கும்.

இத நான் எத்தனையோ தடவ சொல்லிருக்கேன். யாரு கேக்கா.

அண்ணாச்சி என்ன செய்வாவன்னா, வண்டிய எடுக்க முன்னாடி டயர் கழட்டுத லிவர எடுத்துட்டு வந்து ஒவ்வொரு டயரா ஒரு தட்டு தட்டுவாவ. டங்குன்னா சரி. தொப்புன்னா காத்து இல்ல. இந்தப் பக்கம் எல்லா டிரைவரும் அப்படித்தான். தட்டிட்டு ஒரு டீயக் குடிச்சிட்டு ஏறிருவாவ. ஆனா லிவரு படுதது வெளி டயருல. உள் டயரத் தட்டணும்னா குனிஞ்சு, நடுவுல லிவர விட்டு, கோணலா இடிக்கணும். இடிச்சாலும் கேக்கது வெளி டயரு சத்தம்தான். நான் அதுக்குத்தான் காத்தளக்குத டிஜிட்டல் கேஜு ஒண்ணு வாங்குனேன். நல்ல கேஜு. ரிம்மு ஓட்டை வழியா கைய விட்டு வால்வப் பிடிச்சு வச்சா நம்பரு சொல்லிரும்.

நான் அத வைக்கும்போதெல்லாம் அண்ணாச்சிக்குச் சிரிப்பு. "ஏலே மணி, பச்சப்புள்ளைக்குக் காய்ச்சல் பாக்க மாரில்லா பாக்க. மருந்து எதுவும் எழுதிக் குடுக்கலியா?"

எதுத்த டீக்கடை முகம்மது கனி அங்கன இருந்தே கத்துவான். "காத்து டாக்டரு பீஸ் எவ்வளவு அண்ணாச்சி?"

எல்லாரும் சிரிப்பாவ. அண்ணாச்சி கெட்ட மனுசன் இல்ல மேடம், அத எழுதிக்கிடுங்க. மத்தியானம் எனக்கும் சேத்துத்தான் அவிய வீட்டுல இருந்து சாப்பாடு வரும். மதினி குடுத்து விடுவாவ. எனக்குக் கத்தரிக்கா ஆவாதுன்னு தெரிஞ்சு வேற கூட்டு வச்சு விடுவாவ. அப்படிப்பட்ட குடும்பம். அதனால எனக்கு அவிய மேல எந்தக் காந்தலும் கெடையாது. ஒரு விசயத்த ஒருத்தர் தப்பாப் புரிஞ்சிருந்தா எடுத்துக் காட்டணும்ல, அவ்வளவுதான்.

சம்பவத்துக்கு மொத நாளு சாயங்காலம் எல்லா டயருக்கும் நான்தான் காத்து அடிச்சேன். எல்லாம் தொண்ணூறு. டீக்கடையில வச்சே சொன்னேன், எங்கையால தொண்ணூறு வச்சிருக்கேன், ஒரு பாயிண்டு கொறஞ்சா கேளுங்கன்னு. அன்னைக்கும் சிரிச்சாவ.

மறுநாள் காலையில ஐந்தருவிப் பக்கம் ஒரு கேரளா வேன் கியர் பாக்ஸ் போயி நின்னுட்டு. புனலூர் வரைக்கும் கொண்டுபோய் விடணும். வேனோட ஆளுக முன்னாடியே கார் பிடிச்சுப் போயிட்டாவ. அண்ணாச்சி வேன மேல ஏத்தி, ஷெட்டுக்குக் கொண்டாந்து சங்கிலி போட்டுக் கட்டிட்டு இருந்தாவ. நான் இடது பக்கம் குனிஞ்சு உள் டயருல இருந்து காத்த எறக்குனேன். நாப்பதுக்குக் கொண்டு வந்தேன்.

அவசரப்பட்டு எழுதாதீங்க மேடம். எதுக்குன்னு கேளுங்க. அண்ணாச்சி லிவரோட வருவாவ, தட்டுவாவ, டங்குங்கும், சரி போவலாம்பாவ. உடனே நான் எல்லாரையும் கூப்பிட்டு கேஜ வச்சு நாப்பதுன்னு காட்டுவேன். இந்தா பாருங்க, ஒங்க லிவருக்கு இது தெரியல பாத்தியளா, வேணும்னுதான் எறக்குனேன்னு சொல்லிட்டு அங்கனயே திரும்ப அடிச்சிருவேன். கம்ப்ரெசர் பக்கத்துலதான் ஓடிட்டு இருந்துச்சு. பாடம் நடத்துத மாரிதான். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவாது. நான் போட்ட திட்டத்துல தப்பே கெடையாது, வேணும்னா வேற மெக்கானிக் யாருகிட்டயும் கேட்டுப் பாருங்க.

அண்ணாச்சி லிவர் இல்லாம வந்தாவ.

கூட மதினி. கையில கட்டைப்பை, அதுக்குள்ள கருப்பட்டியும் உளுந்து மாவும். புனலூர்ல கட்டிக்குடுத்த தங்கச்சிக்குப் பிள்ள பொறந்திருக்கு, களி கிண்டிக் குடுக்கணும்னு கெளம்பிருக்காவ. பஸ்ஸுல நசுங்கிட்டுப் போறதுக்கு இவிய கூடயே போயிரலாம்னு.

அண்ணாச்சி எங்கிட்ட வந்து, "ஏலே மணி, இன்னைக்கு இவளும் வாறா. மேல பாரம் வேற இருக்கு. நீயே ஒன் மெஷின வச்சுப் பாத்துச் சொல்லுடே"ன்னாவ.

கனி டீ கிளாஸோட எட்டிப் பாத்தான். "என்ன அண்ணாச்சி, டாக்டருகிட்டயே வந்துட்டியளா?"

"சும்மா கெடல. அவன் படிச்சிட்டு வந்து சொல்லுதான். நாமதான் கிறுக்குத்தனமா தட்டிட்டுத் திரியுதோம்."

இத எத்தனை நாளா கேக்கணும்னு இருந்தேன் தெரியுமா மேடம். மொதலாளி நிக்காவ, கனி நிக்கான், மதினி நிக்காவ. எல்லாரும் சிரிக்காம எங்கையப் பாக்காவ. நான் குனிஞ்சு ஒவ்வொண்ணா வச்சேன். வெளி டயரு தொண்ணூறு. இடது உள் டயருக்குக் கைய விட்டேன். நாப்பது.

அப்ப நான் யோசிச்சத அப்படியே சொல்லுதேன். நாப்பதுன்னு சொன்னா, நேத்துத் தொண்ணூறுன்னியேம்பாவ. அப்ப ஒண்ணு கேஜு தப்பு, இல்லன்னா நான் எறக்கிருக்கேன். எறக்குனேன்னு சொன்னா, நம்ம கிட்ட வந்து கேட்ட மனுசனுக்கு நாம குழி வெட்டிருக்கோம்னு ஆயிரும். கேஜு தப்புன்னா, அன்னைக்குத்தான் மொத மொதல்ல நம்பி வந்திருக்காவ, அதோட லிவருக்கே திரும்பிப் போயிருவாவ. அப்புறம் ஆயுசுக்கும் கேஜ ஏறெடுத்துப் பாக்க மாட்டாவ. எதிர்காலத்துல எத்தனை பேரு உசுரு அதுல இருக்கு. அதையும் யோசிக்கணும்ல.

"தொண்ணூறு அண்ணாச்சி"ன்னேன்.

மதினி சிரிச்சிட்டு, "ஒனக்கு முறுக்கு கொண்டாறேன் மணி"ன்னுட்டு இடது பக்கக் கதவத் தொறந்து ஏறுனாவ.

செங்கோட்டை வரைக்கும் சமதளந்தான், ஒண்ணும் ஆவாதுன்னு எனக்குத் தெரியும். அதுக்குள்ள போனப் போட்டு எங்கனயாவது நிறுத்திக் காத்து அடிக்கச் சொல்லிரலாம்னு இருந்தேன். நான் ஒண்ணும் சும்மா இருக்கல. போனும் போட்டேன். அது ஒங்க ரெக்கார்டுலயும் இருக்கும். மதினிதான் எடுத்தாவ.

"என்ன மணி? அவிய ஓட்டிட்டு இருக்காவ."

"எங்கன போயிட்டு இருக்கிய மதினி?"

"செங்கோட்டை தாண்டியாச்சு. ஏ, ஒன் பெருமதான் வழி முச்சூடும். இனிமே மணி பாக்காம வண்டிய எடுக்கவே மாட்டேன்னு சொல்லுதாவ. ஒனக்குப் பொண்ணு பாக்கணும்னு வேற ஆரம்பிச்சிட்டாவ, பாத்துக்கோ."

பின்னாடி அண்ணாச்சி சத்தம் கேட்டுச்சு. "காத்து டாக்டருக்கு நர்ஸப் பாப்போம்னு சொல்லுட்டி." ரெண்டு பேரும் சிரிச்சாவ. கேலியாச் சிரிக்கல. வித்தியாசம் எனக்குத் தெரியும்.

"எதுக்கு மணி கூப்பிட்ட?"

"சும்மாதான் மதினி. சாப்பிட்டியளா?"

"இட்லி கட்டிக் கொண்டாந்திருக்கேன். ஆரியங்காவுல நிறுத்திச் சாப்பிடணும்."

"சரி மதினி"ன்னு வச்சிட்டேன்.

நீங்க இந்த எடத்துலதான் திரும்பத் திரும்ப நிக்கீங்க, ஏன் சொல்லலன்னு. நான் திரும்பத் திரும்ப ஒரே பதில்தான் சொல்லுதேன். அந்த நேரத்துல சொல்லிருந்தா அவியளுக்கு மனசு கஷ்டமாயிருக்கும். அவ்வளவு சந்தோசமாப் போயிட்டு இருந்தாவ.

புளியரை தாண்டி ஏத்தத்துல மொத வெடிச்சது வெளி டயரு. அதுவரைக்கும் ஒத்தையா சொமந்து காஞ்சுபோயி இருந்துச்சுல்லா. பாரம் அப்படியே உள் டயரு மேல எறங்க, அதுல காத்து எங்க இருக்கு, ரிம்மோட உக்காந்துட்டு. மேல வேனு. வளைவு. வண்டி இடது பக்கம் சாஞ்சு ரோட்ட விட்டு எறங்கிக் கவுந்துட்டு. நான் டீக்கடையில எத்தனையோ தடவ சொன்ன அதே வரிசையில. ஒரு வரி மாறல.

தகவல் வந்த உடனே பைக்க எடுத்துட்டுப் போனேன். போயி மொதல்ல டயரத்தான் பாத்தேன். எல்லாரும் கேபின் பக்கம் ஓடுதாவ, நான் பின்னாடி நிக்கேன். அத ஒரு கான்ஸ்டபிள் ஒங்ககிட்ட சொல்லிருக்காரு போல. நான் அங்கன போயி என்ன செய்யப் போறேன் மேடம், எனக்குத் தெரிஞ்சது டயரு. சாரல்ல நனைஞ்சு உளுந்து மாவு ரோடெல்லாம் பசையாக் கெடந்துச்சு. அண்ணாச்சிய வெளிய எடுத்துட்டாவ, காலு மட்டும் போச்சு. மதினிய அப்புறமாத்தான் எடுத்தாவ.

அடக்கத்துக்குப் போனேன். பந்தலுக்கு நாற்காலி எறக்கிப் போட்டது நான்தான். யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. அண்ணாச்சி மேல கேஸ் போட்டீங்க, கவனக்குறைவா ஓட்டுனதா. ஜெயிலுக்குப் போக வேண்டி வரும்னு மொதலாளி சொன்னாவ. அது சட்டம் சம்பந்தப்பட்டது, அதுல நான் தலையிட விரும்பல. நான் பாட்டுக்கு ஷெட்டுக்கு வந்து போயிட்டு இருந்தேன்.

நேத்து ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனேன். நீங்க வந்து விசாரிச்சிட்டுப் போயி கொஞ்ச நேரந்தான் ஆயிருந்துச்சு. அண்ணாச்சி எங்கையப் பிடிச்சுக்கிட்டாவ. அப்புறம் சொன்னாவ.

"பயப்படாத டே. அந்தம்மா கிட்ட நான் சொல்லிட்டேன். பய நல்லாத்தான் பாத்தான், தங்கமான பய, அவன் மேல ஒரு குத்தமும் இல்ல. மெஷினுதான் தப்பாக் காட்டிருக்குன்னு சொல்லிட்டேன்."

வெளிய வந்தா கனி நிக்கான். அவனும் அதையேதான் சொல்லுதான். மெஷின நம்பி நல்லதம்பி பொண்டாட்டியத் தோத்துட்டான்னு. எல்லா டிரைவரும் இப்ப லிவர எடுத்துட்டுத் தட்டுதாவளாம், முன்னைக்கு விட ஓங்கித் தட்டுதாவளாம்.

ராத்திரி எனக்கு ஒறக்கமே வரல மேடம். மதினி செத்த அன்னைக்குக் கூட நான் நல்லாத்தான் ஒறங்குனேன்.

அதான் காலையிலயே வந்துட்டேன். நான் கொண்டாந்து ஒங்ககிட்ட குடுத்த கேஜ யாருகிட்ட வேணும்னாலும் குடுத்து டெஸ்ட் பண்ணிக்கிடுங்க. ஒரு பாயிண்டு மாறாது. அன்னைக்கு அது நாப்பதுன்னுதான் காட்டுச்சு, காத்த எறக்கி விட்டது நான், தொண்ணூறுன்னு சொன்னது நான். இத எந்தக் கோர்ட்டுலயும் சொல்லுவேன், கையெழுத்து எங்கன போடணும்னு காட்டுங்க. அண்ணாச்சி பாவம், பொண்டாட்டிய எழந்த துக்கத்துல வெவரம் தெரியாம ஒரு நல்ல மெஷினு மேல பழியப் போட்டுட்டாவ. நான் அவியள மன்னிச்சிட்டேன்.