மெஷினுக்குத் தெரிஞ்ச எடை

அந்த பட்டன்ல இருந்து கையை எடுங்க மாஸ்டர். இன்னும் பதினஞ்சு நிமிஷம் பாக்கி இருக்கு. மூச்சு வாங்கினா வாங்கட்டும், அது என் மூச்சு. நீங்க மொதல்ல நான் கேட்டதுக்கு பதில் சொல்லுங்க. நான் உங்க ஜிம்முல சேர்ந்த அன்னிக்கு இந்த நடக்கிற மெஷின்ல என் எடையை யார் போட்டது? நீங்கதானே? எண்பத்தெட்டு கிலோ. இப்ப நான் எவ்ளோ? எண்பத்தொண்ணு. ரெண்டு மாசமா ஒரு தடவையாவது அதை மாத்தினீங்களா?

சின்ன விஷயமா? நல்லா சொன்னீங்க போங்க. முக்கால் மணி நேரம் நடந்தா முந்நூத்தி இருபது கலோரி எரிஞ்சுதுன்னு காட்டுது. அந்த கணக்கை நம்பித்தான் நான் தட்டுல கையே வைக்கிறேன். இப்ப சாவகாசமா வந்து, எடை கொறைஞ்சா அதே நடைக்கு எரியறதும் கொறையும்மா, முந்நூறுகூட தேறாதுங்கறீங்க. மூணு வாரமா எடை மெஷின் முள்ளு நகரவே இல்ல மாஸ்டர். எனக்கு அது சின்னது இல்ல.

என்ன நியாயம் இது? கனத்த உடம்பைத் தூக்கிட்டு நடந்தா அதிகம் எரியுமாம், நாயா பேயா அலைஞ்சு எளைச்சா கம்மியா எரியுமாம். நான் தையக்காரி. காலைல தையல் மெஷின்ல உக்காந்தா சாயங்காலம்தான் எந்திரிக்கிறது. போன வருஷத்து அளவை வச்சு சட்டை தைச்சுக் குடுத்தேன்னு வைங்க, மூஞ்சில வீசிட்டுப் போவாங்க. உங்களுக்கு மட்டும் பழைய அளவே போதுமா?

மெதுவாவா? எல்லாரும் இதையே சொல்லுங்க. வாசல்ல பணம் வாங்கி ரசீது போடற பொண்ணு, அக்கா இப்பவே அழகாத்தானே இருக்கீங்கங்குது. அழகுக்கா நான் நாக்கு தள்ள தள்ள நடக்கிறேன்? விசேஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னும் நாலே வாரம். அதுக்குள்ள எழுபத்தெட்டு வரலேன்னா டாக்டர் கத்தியைத் தொடமாட்டாராம்.

எனக்கு ஒரு வியாதியும் இல்லய்யா. என் நாத்தனாருக்குத்தான் ஈரல் கெட்டுப் போச்சு. யாராவது அவங்க ஈரல்ல ஒரு துண்டு குடுத்தாதான் பொழைப்பா. என் வீட்டுக்காரருக்கு சுகர், வேணாம்னுட்டாங்க. கொழுந்தனார் இருக்காரே, ரத்தம் டெஸ்ட் பண்ணணும்னதும் வண்டியை நிறுத்திட்டு வந்துடறேன்னு போனவர், ஆளையே காணோம். கடைசில என்னோடதுதான் பொருந்திச்சு. அதுலயும் கொழுப்பு படிஞ்சிருக்கு, பத்து கிலோ எளைச்சுட்டு வாங்கன்னுட்டாங்க.

பாசமா? அவ மேலயா? நான் அந்த வீட்டுக்கு வந்த மறுநாளே எனக்கு ரோடு ரோலர்னு பேர் வச்சவ. பத்தொம்பது வருஷமா நான் படியேறி வந்தா, செவுத்தைப் புடிச்சுக்கங்க, வீடு ஆடுதும்பா. அப்படிப்பட்டவ இப்ப கண்ணு ரெண்டும் மஞ்சளா படுத்துக்கிட்டு, என்னைப் பத்தி, பாவம் அவளைப் போட்டு வதைக்காதீங்க, விட்டுடுங்கன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொல்றா. என்கிட்ட வாயைத் திறந்து குடுன்னு ஒரு வார்த்தை கேக்கல. அதான் ஆத்திரமா வருது. கேட்டிருந்தா, மனசுல இருக்கிறதெல்லாம் நறுக்கு நறுக்குன்னு கேட்டுட்டு அப்புறம் குடுத்திருப்பேன். இப்ப ஒண்ணும் கேக்க முடியாம, சும்மா குடுக்க வேண்டியதா போச்சு.