பதினாலாவது பெயர்

ஹலோ... ஹலோ, சார்? நான்தான் சார், சோப்பு ஃபேக்டரி பேக்கிங் சூப்பர்வைசர்... ஆமா, ஆமா, சனிக்கிழமை வகுப்பு, தலைமைப் பண்பும் நிறுவன மாற்றமும்... மூணாவது வரிசை, அதேதான்... வகுப்புல இருந்தா வெளிய வாங்க சார். கட் பண்ணிடாதீங்க.

...பாடத்துல சந்தேகம்லாம் இல்ல சார். இங்க என்னை அடிச்சுக் கொல்லப் போறாங்க.

...கொல்லன்னா கொல்லத்தான்! அதுக்கு வேற என்ன வார்த்தை இருக்கு?

மாடியில என் ரூம்ல தாழ்ப்பாள் போட்டுட்டு உக்காந்திருக்கேன். கீழ நூத்தம்பது பேர்... வெளியாளுங்க இல்ல சார், எங்க ஆளுங்க! என் ஷிஃப்ட்டு ஆளுங்க! கூட வாட்ச்மேன் அண்ணன் இருக்கார். கேட்டை மறிச்சார்னு மண்டையைப் பொளந்துட்டாங்க... இருங்க சார்.

அண்ணே, அந்தத் துணியை அழுத்திப் பிடிங்க. கண்ணை மூடாதீங்கண்ணே! என்னையே பாருங்க. ம்... அப்படித்தான்.

ஹலோ... சார்?... ஐயோ! கேட்டுச்சா? செங்கல்லு. ஜன்னல் போச்சு. மேஜை பூரா கண்ணாடி... எனக்கா? கன்னத்துல ஏதோ கீறிடுச்சு, விடுங்க.

...பண்ணிட்டேன், போலீஸுக்கும் பண்ணிட்டேன். அரை மணியா வந்துக்கிட்டே இருக்காங்க. முதலாளியோட காரைக் கேட்டுக்குக் குறுக்கே கவுத்துப் போட்டுக் கொளுத்திட்டாங்க. அதைத் தாண்டி யாரு உள்ள வர்றது?... அவரா? பின்வழியா எப்பவோ ஓடிட்டார். என் ஃபோனை எடுக்க மாட்டேங்கறார். நீங்க பண்ணா எடுப்பார் சார். போன மாசம்தானே உங்களை ஆலோசகரா வெச்சார்?

...சொல்றேன், சொல்றேன், கேளுங்க. காலையில ஏழு மணிக்கு, கேட்டுலயே, பதினாலு பேருக்கு வேலை போச்சு. ஆளுக்கொரு கவர். கவரைக் கொடுத்த ஆபீஸர் கையில ஒரு தாள் இருந்திருக்கு. அவரை நாலு சாத்து சாத்திட்டு அதைப் பிடுங்கிட்டாங்க. சார்... அது என் தாளு.

...எந்தத் தாளா? நீங்க கொடுத்த வீட்டுப்பாடம் சார்! 'உங்கள் பணியிடத்தில் மாற்றத்தை எதிர்ப்பவர்கள்.' பேர், செல்வாக்கு, பலவீனம், கையாளும் வழி. நாலு கட்டம். நிஜப் பேரையே எழுதணும், இல்லன்னா ஆய்வுக்கு உயிர் இருக்காதுன்னு சொன்னீங்கல்ல? மேல என் பேரும் ரோல் நம்பரும். கீழ உங்க சிவப்பு மை. அம்பதுக்கு நாப்பத்தாறு.

அது எப்படி சார் முதலாளி கைக்குப் போச்சு?

...

சும்மா மழுப்பாதீங்க. எங்கிட்ட இருந்த ஒரே பிரதியை உங்ககிட்டதான் கொடுத்தேன்.

...என்னது? 'பகிர்ந்துக்கிட்டீங்களா'?... பயன்படும்னா? யாருக்குப் பயன்படும்? சார், நீங்க மட்டும் இப்ப எதிர்ல இருந்தீங்க, இந்தப் பேப்பர் வெயிட்டாலயே உங்க பல்லை உதிர்த்திருப்பேன்!... ஆமா, மரியாதை இல்லாமதான் பேசறேன்! மரியாதையெல்லாம் கீழ கார்ல எரிஞ்சுக்கிட்டிருக்கு!

...டங்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சா? அதைத்தான் சொல்ல வந்தேன். ஷிஃப்ட்டு மாறும்போது அறிவிப்பு கொடுக்கற மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, அந்தத் தாளை ஒருத்தன் படிக்கறான். ஒவ்வொரு பேரா. நான் எழுதினது அத்தனையும். படிச்சு முடிச்சதும் அந்தப் பேருக்கு உரியவன் முன்னால வந்து, கம்பியால படிக்கட்டை ஒரு அடி அடிக்கறான். இது ஆறாவது. 'குடிப்பழக்கம் உண்டு. எழுத்தில் எச்சரித்தால் பயந்துவிடுவார்.' நான்தான் சார் எழுதினேன். அவனோட தம்பியும் அங்கதான் நிக்கறான்.

...கோபத்தை முதல்ல ஒத்துக்கணுமா? அப்புறம் பொதுவான நோக்கத்தை... போதும் சார். மாற்றத்துக்கு எட்டுப் படின்னு நீங்க கரும்பலகையில வரைஞ்சது ஞாபகம் இருக்கு. இங்க பன்னெண்டு இரும்புப் படி. ஒன்பதாவதுல வந்து நிக்கறாங்க, ஜன்னல் வழியா தெரியுது.

...ஏன் இன்னும் உள்ள வரலையா? பெல்ட் அண்ணன் கதவை மறிச்சுக்கிட்டு நிக்கறார், அதனால. கன்வேயர் பெல்ட்டைப் பாத்துக்கறவர். அவர் சொன்னா அத்தனை பேரும் கேப்பாங்க. 'இந்தப் பொண்ணு இப்படியெல்லாம் எழுதாது, முதலாளிதான் எழுதிட்டு இவ பேரைப் போட்டிருக்கான், என்னைத் தாண்டிப் போங்கடா பாப்போம்'னு கத்தறார். தோள்ல ஏற்கெனவே ஒரு அடி வாங்கிட்டார். அப்படியும் நகர மாட்டேங்கறார்.

...அவருக்கும் வேலை போச்சு சார். அவர் பேரும் அதுல இருக்கு. செல்வாக்கு கம்மியா இருக்கறவங்களை மேல எழுதி, அதிகமா இருக்கறவரைக் கடைசியா எழுதச் சொன்னீங்க. அவர்தான் பதினாலு.

ஏழு... கேட்டுச்சா? எட்டும் ஆயிடுச்சு.

எனக்கு அடிக்கு பயம் இல்ல சார். அவர் பேருக்கு நேரா நான் எழுதினதை அவர் காதால கேக்கக் கூடாது. அவ்வளவுதான்... ஞாபகம் இல்லையா? முதல்ல அந்தக் கட்டத்தைக் காலியாத்தானே விட்டிருந்தேன்! 'பலவீனம் இல்லாத மனிதனா? ஆழம் போதாது'ன்னு சிவப்பு மையில எழுதித் திருப்பி அனுப்புனீங்க. அப்புறம்தான் எழுதினேன். அவர் எங்கிட்ட மட்டும் சொன்னதை... ஆமா... ஆமா, அதேதான். அதை எழுதினதுக்குத்தான் நாப்பத்தாறு.

ஐயோ, இருங்க, ஃபோர்க்லிஃப்ட்டு. பலகையில ஆளை நிக்க வெச்சு ஜன்னலுக்குத் தூக்கறாங்க. அண்ணே, மேஜைக்கு அடியில போங்க! போங்கண்ணே! டேய், எடுடா! எடுடா கையை! எடுக்க மாட்டே? எடுக்க மாட்டே? இந்தா! இந்தா!

...ஹ்... ஹலோ... இருக்கேன் சார்... அடிச்சுட்டேன். பேப்பர்ல ஓட்டை போடற பஞ்சிங் மெஷினால, மூணு அடி. விழுந்துட்டான். விரல் நசுங்கிப் போயிருக்கும்... லேபிள் ஒட்டறவன். போன வாரம் மழையில என் புள்ளையை ஸ்கூல்லேருந்து வண்டியில கூட்டிட்டு வந்தவன் சார். என் கையில அவன் ரத்தம்.

...உங்க பேரைச் சொல்லிட்டேனான்னா? இப்ப இதுதான் உங்களுக்குக் கவலையா? கீழ உங்க கையெழுத்தே இருக்கு, நான் வேற தனியா சொல்லணுமா?

சரி, சரி, சண்டை வேண்டாம். கெஞ்சிக் கேக்கறேன் சார். இன்னொரு ஃபோன்ல முதலாளியைக் கூப்பிடுங்க. 'பதினாலு பேரையும் திரும்ப எடுத்துக்கறேன்'னு ஒரே ஒரு வார்த்தை. ஜன்னல்ல நின்னு நான் கத்திச் சொல்றேன், படிக்கறதை நிறுத்திடுவாங்க... ஆமா, லைன்லயே இருக்கேன். சீக்கிரம் சார். பத்தாவது முடிஞ்சிடுச்சு.

...

பதினொண்ணு.

...

அண்ணே, முழிச்சுக்கிட்டே இருங்க. உங்க வீட்டு நம்பர் என்ன, சொல்லுங்க... இல்ல, தண்ணி இல்லண்ணே, கூஜாவும் உடைஞ்சு போச்சு.

...பன்னெண்டு. சார்? சார்!

...சொல்லுங்க, என்ன சொன்னார்?... 'தணியட்டும்'னா? தணிஞ்சப்புறம் பேசலாமா? யாரு தணியணும் சார், நானா?... ஓ. கவனிச்சு வெச்சுக்கணுமா? பின்னால வகுப்புல பேசறதுக்கு நல்ல உதாரணமா இருக்குமா? த்தூ!

...பக்கத்துல ஆளுங்க இருக்காங்களா? கேக்கட்டும்யா! நல்லா கேக்கட்டும்!

பதிமூணு.

...

பதினாலாவதுக்கு வந்துட்டான் சார். மைக்குல அவன் இழுக்கறான். பேரைப் பாத்துட்டான் போல. 'அண்ணே, உங்க பேருண்ணே'ங்கறான்... பெல்ட் அண்ணன், 'படிடா. எனக்கு என்ன ஒளிவுமறைவு'ங்கறார்.

அண்ணே, வேண்டாம்ணே! படிக்கச் சொல்லாதீங்க! பெல்ட் அண்ணே, கேளுங்க, கதவுக்கு இந்தப் பக்கம் நான்தான், படிக்க விடாதீங்கண்ணே!

...படிக்கறான் சார்.

'செல்வாக்கு மிக அதிகம். இவர் தலையசைத்தால்தான் மற்றவர்கள் நகர்வார்கள். பலவீனம்: மனைவிக்குப் புற்றுநோய், பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக் காலை ஷிஃப்டை மாற்றிக் கொடுத்தால் எதற்கும் தலையாட்டுவார்.'

...

படிச்சுட்டான் சார். அவர் பொண்ணு கீழதான் நிக்கறா. லேபிள் பிரிவுல இருக்கா. அவளுக்கே தெரியாது. 'அம்மாவுக்கு என்னப்பா?'ன்னு கேக்கறா. மறுபடியும் கேக்கறா... அவர் கதவுப் பக்கம் திரும்பி, 'நீயாம்மா எழுதின?'ங்கறார். நேர்ல என்கிட்ட வாங்க போங்கன்னே பேசற மனுஷன், நீன்னுட்டார்.

ஆமாண்ணே. நான்தான்.

...

இறங்கிப் போறார். கதவுக்கு வெளிய இப்ப யாரும் இல்ல சார்.

...ஓடறதுக்கு வழி இருக்கான்னு கேக்கறீங்களா? இல்ல. இருந்தாலும் வாட்ச்மேன் அண்ணனை விட்டுட்டு எங்க ஓடறது?

அந்தப் பொண்ணு கம்பியைக் கையில எடுத்துக்கிட்டா. தனியா ஏறி வரா. யாரும் கூட வரல, எல்லாரும் ஒதுங்கி வழி விடறாங்க. அண்ணன் அவளைத் தடுக்கல சார். சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறார்.

...இல்ல. அவ உடைச்சுக்கிட்டு வர வேண்டாம். நானே தாழ்ப்பாளை எடுக்கறேன்.

...வைக்கறேன் சார். அவ வாசலுக்கு வந்துட்டா.