கன்ஜிரோ வீட்டுச் சூப்பில் எவ்வளவு உப்பு?

— ஏன் கன்ஜிரோ அண்ணே, பானையை மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க? நகருங்க.

— அடடே, சுகாதாரத் தலைவியம்மா! உப்பளக்கிற குச்சியோடயே வந்துட்டீங்களா? போன வாரந்தானே தெருவுல ஒரு வீடு விடாம, சோயா விழுது கரைச்ச மிசோ சூப்புல அதை விட்டுப் பார்த்தீங்க. அன்னிக்கு நான் ஊர்ல இல்லாததுக்கு இப்படி ஒரு தண்டனையா?

— உங்களைக் கையும் களவுமாப் பிடிக்கத்தான் வந்தேன். எங்க வீட்டுக்காரரு தினமும் நடக்கப் போறேன்னு கிளம்பி, இங்கதானே வந்து உக்காருறாரு?

— மொரியோவா? வருவான். ஷோகி சதுரங்கம் ஆடுவான். தோப்பான். கோவிச்சுக்கிட்டுப் போவான்.

— போறதுக்கு முன்னாடி உங்க உப்புச் சூப்பையும் குடிப்பாரு!

— ஐயய்யோ, அபாண்டம்! ஹிசயோ, நீ என் தங்கச்சி மாதிரி. இப்படிப் பழி போடலாமா?

— கதை விடாதீங்கண்ணே. அவருக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கிட்டே போகுது. நேத்து டாக்டர் என் மூஞ்சியைப் பார்த்து, 'தெருவுக்கே உப்பைக் குறைக்கச் சொல்றது நீங்கதானே?'ன்னு கேட்டாரு. கூசிப் போயிட்டேன்.

— அந்த டாக்டருக்கு வாய்க்கொழுப்பு.

— அதை விடுங்க. எங்க வீட்டுக்காரரோட அண்ணனும் இப்படித்தானே, பனி அள்ளிக்கிட்டு இருக்கும்போதே மூளையில ரத்தக்குழாய் வெடிச்சு விழுந்தாரு. அதே மாதிரி இவரும் போயிடுவாரோன்னு எனக்கு பயமா இருக்குண்ணே. ராத்திரியெல்லாம் அவரு மூச்சு விடுறாரான்னு பார்த்துக்கிட்டே படுத்திருக்கேன்.

— அடடா, கண்ணைத் துடைங்க தாயே. இந்தாங்க பானை. குச்சியை விட்டுப் பாருங்க.

— என்னண்ணே இது! எங்க வீட்டுச் சூப்பை விடக் குறைச்சலாக் காட்டுது?

— ஊர்மன்றத்துல நீங்க பேசினீங்களே, அன்னிக்கு எல்லாரும் கைதட்டிட்டு வீட்டுக்குப் போயி பழையபடியே குடிச்சாங்க. நெஜமாவே குறைச்ச மடையன் நான் ஒருத்தன்தான். காளானும் முள்ளங்கியும் அள்ளிப் போடுறேன், மிசோ பாதிதான். உங்க ஆளு ஒரு வாய் குடிச்சுட்டு, 'வீட்டுலதான் வெந்நீருன்னா இங்கயுமாடா?'ன்னு கிண்ணத்தைத் தள்ளிட்டான்.

— சிரிப்பு மூட்டாதீங்க, நானே நொந்து போயிருக்கேன். அப்போ உப்பு எங்கேருந்துதான் வருது? வீட்டுல சோயாவைக்கூடப் பூட்டி வெச்சிருக்கேன். ஊறுகாய் போடறதையே நிறுத்தியாச்சு.

— சொன்னா அந்தக் குச்சியால அடிக்கக் கூடாது.

— அடிக்கல, சொல்லுங்க.

— வரும்போதெல்லாம் சட்டைப் பையில பொட்டலம் கொண்டு வருவான். டீயோட வெச்சுக் கொறிப்பான். கத்தரிக்கா ஊறுகாய், கீரை ஊறுகாய், பிளம் ஊறுகாய்னு தினுசு தினுசா. நான் மரியாதைக்கு ஒரு துண்டு எடுப்பேன், மிச்சம் பூரா அவனுக்கு.

— எந்தப் புண்ணியவதி குடுக்கிறா? பேரைச் சொல்லுங்க, இப்பவே அவ வீட்டு வாசல்ல போய் நிக்கிறேன்.

— எத்தனை வாசல்ல நிப்பீங்க? உப்பைக் குறைங்கன்னு சொல்ல மெனக்கெட்டு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பலாமான்னு, வீட்டுக்கு வீடு ஒரு பொட்டலம் கட்டி உங்க கையில திணிக்கிறாங்களே, அதையெல்லாம் கொண்டு போயி எங்க வைக்கிறீங்க, தலைவியம்மா?