மூடிய கையைத் தேடி வந்த கிருபை

விறைத்த விரல்களுக்கு விடியல் காட்டியவரே! வலியென்று அலறியவரிடமும் வாஞ்சை குன்றாதவரே! பிசியோதெரபிப் பிரிவின் தலைவியாய் இருந்தும் தலைக்கனத்தைத் தலைவாசலிலேயே விட்டுவிட்டு வந்தவரே! நோயாளிகள் நாவில் 'விரலம்மா'வாகி, எங்கள் நாவிலும் அப்பெயராகவே நிலைத்துவிட்ட அன்புத் தாயே! பணி நிறைவுறும் இந்நாளில், உடன் உழைத்தோர் நாங்கள் உள்ளம் நெகிழ்ந்து படிக்கும் மடல் இது.

உங்கள் பண்புகளைப் பட்டியலிடத் தொடங்கினால், "போதும்ப்பா, டீ ஆறுது" என்று நீங்களே எழுந்து நிறுத்திவிடுவீர்கள். ஆகவே ஒரே ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறோம். அவர் இவ்வவையில்தான் அமர்ந்திருக்கிறார். "சொல்லுங்க" என்று அவர் சம்மதித்து, அவர் மனைவியும் தலையசைத்த பிறகே எழுதத் துணிந்தோம்.

அவர் ஒரு வெல்டர். இரும்பை இணைக்கத் தெரிந்த அந்தக் கை, வீட்டை மட்டும் உடைத்துக்கொண்டிருந்தது. குடித்துவிட்டு மனைவியை அடிப்பதும் விடிந்ததும் அழுவதுமே வாடிக்கை. ஒரு மாலை, போதையில் எரிகிற மண்ணெண்ணெய் அடுப்பை எட்டி உதைத்தார். மனைவி மகளை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடித் தப்பினார். சிதறிய தீயில் கணவருக்கோ வலக்கை வெந்துபோயிற்று. மனைவி மகளோடு தன் பிறந்த வீட்டுக்கே போய்விட்டார். புண் ஆறியபோது தோல் சுருங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிக் கிடந்தன.

சிகிச்சைக்கு வந்த முதல் நாள், நீங்கள் அந்தக் கையைத் தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"விடுங்கம்மா. பொண்டாட்டிய அடிச்ச கை இது. மூடியே கெடக்கட்டும். கடவுளே என்னைக் கைகழுவிட்டாரு."

"கைகழுவுனவரு காலங்காத்தால என்னை எதுக்கு உன்கிட்ட அனுப்பணும்? கையைக் காட்டுப்பா" என்றீர்கள்.

மறுவாரமே அவர் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பணி முடிந்த மாலையில், பட்டறைக்குப் பின்னால் அவர் தங்கியிருந்த தகரக் கொட்டகையைத் தேடி நீங்களே போய் நின்றீர்கள்.

"குடிச்சிருக்கேன். போயிடுங்க."

"எனக்கும் மூக்கு இருக்குப்பா. குடிச்ச கையும் கைதான், நீட்டு."

அவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். கையை நீவிவிட நீங்கள் கொண்டுபோன எண்ணெய்ப் புட்டியைத் தூக்கி எறிந்தார். மறுநாள் வேறொரு புட்டியோடு போனீர்கள்.

"உங்களுக்கு வெக்கமே இல்லையாம்மா?"

"கொஞ்சம் இருந்துச்சு. உன்கிட்ட வந்து வந்து தேஞ்சுபோச்சு."

சிரிக்கத்தான் வாய் திறந்தார், அழுகை வந்துவிட்டது. எதற்காக இப்படி வருகிறீர்கள் என்று கேட்டார்.

"நான் நல்லவங்கிறதால வரலப்பா. என்னையும் ஒருத்தர் விடாம தேடி வந்தாரு. நீ செஞ்சது சின்னத் தப்புன்னு அவரு சொல்லல. அவ்வளவு பெரிய தப்புங்கிறதாலதான் சிலுவை வரைக்கும் போனாரு. உன் கையை வெட்டி எறியச் சொல்லல, தன்கிட்ட குடுக்கச் சொல்றாரு."

அன்று அவராகவே கையை நீட்டினார். சுருங்கிய தோல் இழுபடும்போது உயிர் போய் உயிர் வந்தது. இடையில் இருமுறை மறுபடி குடியில் விழுந்தார். இருமுறையும் கொட்டகை வாசலில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டது. குடி விட்டது. கையும் மெல்ல மெல்லப் பிரிந்தது. எங்கள் நோயாளிகள் பிடித்து நடை பழகும் கம்பிகள் அந்தக் கை செய்தவையே.

செய்தி அறிந்து அவர் மனைவி ஒருநாள் உங்களிடம் வந்தார். "அவரு மாறிட்டாருன்னு சொல்றாங்க. நம்பி வரலாமாம்மா?"

நீங்கள் அவசரப்படவில்லை. "ஆண்டவர் மன்னிச்சுட்டாரு, அது எனக்குத் தெரியும். அதுக்காக நீ பயத்தை முழுங்கிட்டு வரணும்னு இல்லம்மா. உன் மனசு தெளியட்டும்."

மனைவி பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போனார். வெல்டர் கோபப்படவில்லை, "அவ பயம் நியாயம்தான்" என்றார். ஞாயிறுதோறும் ஆலயத்தில் தாயும் மகளும் முன்வரிசையில். அவர் கடைசி வரிசையில். ஆண்டுகள் ஓடின. பிறகொரு ஞாயிறு, ஆராதனை தொடங்கும்போது மனைவி எழுந்து வந்து அவர் அருகே உட்கார்ந்தார். இறுதி ஜெபம் முடிந்ததும், "வீட்டுக்குப் போலாமா?" என்று மட்டும் கேட்டார். வெல்டர் திகைத்துப்போய் உங்களைத் தேடினார். நீங்களோ கண்ணை மூடிக்கொண்டு, வழக்கம்போல் சுருதி விலகி, நிறைவுப் பாடலை உரத்துப் பாடிக்கொண்டிருந்தீர்கள்.

அம்மா! தேவனின் மாறாத அன்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். இம்மடலுக்காக அந்த வெல்டரிடம் ஒரு வார்த்தை கேட்டோம். அவர் சொன்னார்:

"நான் விரட்ட விரட்ட வந்தாங்க. ஒருநாள் விரட்ட வாய் வரல. கடவுள் எப்படிப்பட்டவருன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

இதற்குமேல் பாராட்ட எங்களிடம் தமிழில்லை. உங்களைத் தேடி வந்த கிருபை உங்கள் முதுமையிலும் உடன் நடக்கட்டும்! உடல் நலமும் உள்ள நிறைவும் குன்றாது நீடு வாழ்க!

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
மருத்துவர்கள், செவிலியர்கள், அனைத்துப் பணியாளர்கள்