பத்து எண்ணுவதற்குள்

டீ நன்றாகவே இருந்தது. சர்க்கரைதான் ஒரு சிட்டிகை தூக்கல்; பரவாயில்லை, அலைந்து வந்த உடம்புக்கு இதமாக இருந்தது. நான் குடித்து முடித்ததும் சாசரை மேசை விளிம்பில் தட்டி இரண்டாக்கி என் முன்னால் வைத்தீர்கள். வழக்கம் எனக்கும் தெரியும். குற்றம் செய்தவர் மனதார வருந்தினால் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும், தண்டனை குறையும். தாராளமாகச் சோதித்துக்கொள்ளுங்கள். பேசி முடிக்கும்வரை இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு இது புதிய வேலையில்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் வாக்குமூலம் முறையாக இருக்கட்டும் என்று சொல்கிறேன். கோபம் சூடாக்கும். எங்கள் தெரு இஸ்திரிக்காரர் பெட்டியைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்து அவர் மனைவி வம்புக்கு இழுப்பாள், பெரும்பாலும் மாமியாரைப் பற்றி. பெட்டி பழுக்கக் காய்ந்துவிடும். சந்தோஷம் எடையைக் குறைக்கும். சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களைச் சிரிக்கவைக்கவே ஒருவர் வேலைக்கு இருக்கிறார். அவர் நாலு வருடமாக ஒரே ஜோக்கைச் சொல்லி, போன மழைக்காலத்தில் இரண்டு பேருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. துக்கம் ஒட்டவைக்கும். உடைந்தது எதுவானாலும், துக்கப்பட்டவர் கை பட்டால் சேரும். துக்கம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சீக்கிரம் சேரும். இதில் நடிப்பு செல்லாது.

நான் நடத்தியது எலும்பு ஒட்டும் வைத்தியசாலை. எட்டுக் கட்டில், ஒரு வெந்நீர் அடுப்பு, பின்பக்கம் கட்டுத்துணி காயப்போடும் கொடிகள். காலையில் கதவைத் திறக்குமுன் ஒரு சாசரை உடைத்து, ஒட்டுகிறவர் கையில் கொடுப்போம். பத்து எண்ணுவதற்குள் ஒட்டினால் அன்றைக்கு ஆட்களைச் சேர்க்கலாம். ஒட்டாவிட்டால் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

முதலில் அங்கே ஒட்டியவள் நான்தான். என் வீட்டுக்காரர் ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தத் துக்கத்தில் மூன்று வருடம் நன்றாக ஒட்டினேன். பிறகு அது தன்னால் வற்றத் தொடங்கியது. அவர் முகம் மங்கிப்போய்க் குறட்டை மட்டும் நினைவில் நின்றது. குறட்டையை நினைத்து எத்தனை நாள் அழ முடியும்? சாசர் பத்துக்கும் ஒட்டவில்லை, இருபதுக்கும் ஒட்டவில்லை. மண் மட்டம் என்று சொல்லி மூன்று கடை மாற்றி வாங்கினேன்.

"அக்கா, சாசரெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் தங்கச்சி, தரையைப் பார்த்துக்கொண்டு. அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

தங்கச்சி என்னைவிட ஒன்பது வயது சின்னவள். என்னோடுதான் இருந்தாள், சமையலும் துணி அலசுவதும் அவள் பொறுப்பு. புருஷன் இன்னொருத்தியோடு போனபோதுகூட அவளுக்குத் துக்கம் வரவில்லை. "சனியன் தொலைஞ்சுது, இனிமே கால நீட்டித் தூங்கலாம்" என்று சிரித்தாள். அவளுக்கு ஒரே மகள். ஓரிடத்தில் நிற்காததால் சிட்டு என்று கூப்பிடுவோம். காயும் கட்டுத்துணிகளுக்கு நடுவே தாயும் மகளும் ஒளிந்து விளையாடுவார்கள். உள்ளே ஒருவர் எலும்பு சேராமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். வெளியே இவர்கள் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை.

சிட்டுவுக்கு நாலு வயதானபோது ஊரில் விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் கண்ட குழந்தைகளை, சிட்டுவையும் சேர்த்து, ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் தனியாக வைத்தார்கள். சின்ன வயதிலேயே அந்தக் காய்ச்சல் வந்து போனவர்கள் மட்டும் உள்ளே போகலாம். எனக்கு வந்திருந்தது, தங்கச்சிக்கு வந்ததில்லை. அதனால் நான்தான் போய்வந்தேன். அங்கே இறந்தவர்களை அங்கேயே புதைத்துவிடுவார்கள். உடலை வீட்டுக்குத் தருவதில்லை.

பத்தொன்பதாம் நாள் விடுதியிலிருந்து என்னை வரச்சொல்லி ஆள் வந்தது. அதற்கு முந்தின நாள்தான் ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்து நாலு கொத்தனார்களை எங்களிடம் தூக்கிவந்து போட்டிருந்தார்கள். வேறு இடம் பக்கத்தில் இல்லை. ஒருவருக்குத் தொடை எலும்பு வெளியே தெரிந்தது. என் கையை அவர்மேல் ராத்திரி முழுக்க வைத்திருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. அவர் வலியோடு, "விடுங்கம்மா, உங்களால முடியல" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். அந்த வார்த்தையோடுதான் காலையில் விடுதிக்குப் போனேன். சாயங்காலம் தனியாகத் திரும்பினேன்.

தங்கச்சி வாசலிலேயே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் பொய் சொல்லவில்லை, அவளாகவே புரிந்துகொண்டாள். விழப்போனவளைத் தாங்கிப் பிடித்து, உள்ளே கூட்டிப்போய், முதல் கட்டிலில் கிடந்தவர் தொடைமேல் அவள் கையை எடுத்து வைத்தேன். விளக்கேற்றுவதற்குள் நாலு பேருக்கும் ஒட்டிவிட்டது. என் நல்ல காலத்தில்கூட எனக்கு ஓர் ஆளுக்கு அரை நாள் ஆகும்.

பிறகு, "அக்கா, கடைசியா என்னக் கேட்டாளா?" என்றாள்.

"கேட்டா" என்றேன். அது உண்மைதான்.

அன்றிலிருந்து ஊர் எங்களைக் கொண்டாடியது. அவளைக் கைராசிக்காரி என்றார்கள். இரண்டு ஊர் தள்ளியிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் அழுதுகொண்டே வேலை செய்வாள். நான் பக்கத்தில் நின்று முகத்தைத் துடைத்துவிடுவேன். நேரத்துக்குச் சாப்பாடு, வெந்நீர், சுத்தமான படுக்கை, எதிலும் நான் குறை வைத்ததில்லை. இனிமேல் சமையலறைப் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டேன். ஒரு அக்கா வேறென்ன செய்ய முடியும்?

மூன்றாம் வருடம் ரொட்டிக்காரர் வந்தார். சைக்கிளில் கொண்டுவந்து கட்டிலுக்கு ஒன்று போட்டுவிட்டுப் போக வேண்டியவர், ரொட்டியை வைத்துவிட்டு வாயை மூட மாட்டார். ஒருநாள் தங்கச்சியிடம், "உங்கக்கா ஒரு தடவ மொறச்சாப் போதும், ஆறின ரொட்டி மறுபடி சூடாயிடுது" என்றார். அவள் சிரித்துவிட்டாள். மறுநாள் சாசர் ஒட்ட ஆறுவரை எண்ண வேண்டியிருந்தது. அடுத்த வாரம் ஒன்பது. ஒருநாள் துவாலை மடிக்கும்போது வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். நோயின் முதல் அறிகுறி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்கு வந்தபோது இனியும் சும்மா இருக்க முடியாது என்று தோன்றியது.

மடித்த துவாலைகளுக்கு அடியில் சிட்டுவின் செருப்பு ஒன்றை வைத்தேன். வலது கால். விடுதியில் அவள் போட்டிருந்த ஜோடி என்னிடம் இருந்தது. இடது காலைப் பின்னால் தேவைப்படலாம் என்று பத்திரமாக வைத்துக்கொண்டேன். ரொட்டிக்காரரிடம், என் தங்கைக்குப் புத்தி கொஞ்சம் சரியில்லை, ஆண்களைக் கண்டால் ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை என்று சொன்னேன். நல்ல மனிதர், அதன்பிறகு தெருமுனையிலேயே ரொட்டியை இறக்கிவிட்டுப் போய்விடுவார். தங்கச்சி அலமாரி முன்னால் அந்தச் செருப்போடு உட்கார்ந்துவிட்டாள். அது எப்படி அங்கே வந்தது என்று என்னைக் கேட்டாள். எப்போதோ சிக்கியிருக்கும் என்றேன். மறுநாள் இரண்டு என்று சொல்வதற்குள் சாசர் ஒட்டிவிட்டது. அன்று ஒரு குழந்தையின் விலா எலும்பைச் சேர்த்தாள். அந்தக் குழந்தையின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

வருடத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் நான் ரயிலேறிப் போவேன். தைலம் வாங்கப் போவதாகச் சொல்வேன், தைலமும் வாங்குவேன். மீதி நேரம் ஒரு கடிகாரக் கடையின் மாடியில் இருப்பேன். கடிகாரம் பழுது பார்க்கும் அவருடைய மணிக்கட்டை, முன்பு அங்கே தைலம் வாங்கப் போனபோது நான்தான் ஒட்டினேன்; என் ஊர் எது என்று அவரிடம் சொன்னதில்லை. புருஷனும் மனைவியும் தங்கமானவர்கள், பிள்ளையில்லாதவர்கள். நான் படியேறும் சத்தம் கேட்டதுமே மேலேயிருந்து ஒரு குழந்தை ஓடிவரும். "பெரியம்மா, எனக்கு என்ன வாங்கிட்டு வந்தீங்க?" என்று பையைப் பிடுங்கும். ஒவ்வொரு தடவையும் புதுச் செருப்பு வாங்கிப் போவேன். ஒவ்வொரு தடவையும் கால் நான் நினைத்ததைவிடப் பெரிதாகியிருக்கும்.

ஆமாம், சிட்டுதான். விடுதியில் அன்று என்னிடம் கொடுத்தபோது இளைத்திருந்தாளே தவிர நன்றாகத்தான் இருந்தாள். ரயில் நிலைய பெஞ்சில் உட்காரவைத்து ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன். தின்றுகொண்டே, "அம்மா எங்க?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கொத்தனாரின் தொடைதான் கண்ணுக்குள் நின்றது. ஒரு வாரம், அந்த நாலு பேருக்கும் சேரும்வரைக்கும் என்றுதான் எதிர்த்திசை ரயிலில் ஏறினேன். வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்றிருந்தேன். வெள்ளிக்கிழமை ஒரு பாட்டுக்காரியை இடுப்பு முறிந்து தூக்கிவந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வேறு யாரோ. எட்டுக் கட்டிலும் காலியாக இருக்கும் ஒரு வெள்ளிக்கிழமை ஏழு வருடத்தில் வரவில்லை. குழந்தையிடமும் கடிகாரக்காரர் வீட்டிலும் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொன்னேன். பாதி தெரிந்தால் தேடத் தொடங்குவார்கள். அது யாருக்கும் நல்லதில்லை.

போன மாதம் சிட்டு மதில்மேல் ஏறி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். பதினொரு வயதாகியும் ஓரிடத்தில் நிற்பதில்லை. எலும்பு ஒட்டுவதில் எது நல்ல இடம் என்று கடிகாரக்காரர் நாலு பேரிடம் விசாரித்திருக்கிறார். நாலு பேரும் எங்கள் வைத்தியசாலையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

நான் பின்பக்கம் துணி அவித்துக்கொண்டிருந்தேன். கட்டுத்துணியோடு உள்ளே வந்தபோது மூன்றாம் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு அவள் படுத்திருக்கிறாள், தங்கச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாள். அந்த வயதுப் பெண் குழந்தைகள் வந்தால் அவள் கொஞ்சம் அதிகமாகவே அழுவாள். "இருந்திருந்தா இவ்வளவு ஒசரம் இருப்பா" என்று குழந்தையிடமே சொல்லிக்கொண்டிருந்தாள். கடிகாரக்காரர் என்னைப் பார்த்து வாய் திறந்தார். நான் உதட்டில் விரல் வைத்தேன். எலும்பு சேர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் துக்கம் நின்றிருக்கும், கை கோணலாகவே போயிருக்கும். குழந்தையின் நன்மையை நினைத்துத்தான் அப்போதும் பேசாமல் நின்றேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"வலிக்குதா கண்ணு?"

"இல்ல. கைய எடுக்காதீங்க" என்றாள் குழந்தை. கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். "பெரியம்மா, நீங்க இங்கயா இருக்கீங்க?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். "பெரியம்மாவா? உங்கம்மா யாரு?"

"எங்கம்மா காய்ச்சல்ல செத்துட்டாங்க. பெரியம்மாதான் சொன்னாங்க."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. குழந்தையின் காதையும் நெற்றியையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அக்கா, துவாலைக்கு அடியில இருந்த அந்தச் செருப்பு, நீ வெச்சதா?"

ஆமாம் என்றேன். அதற்குமேல் அவள் என்னிடம் பேசவில்லை. இதுவரைக்கும் பேசவில்லை.

அன்று மாலையே கிளம்பிவிட்டாள். மற்ற ஏழு கட்டிலிலும் ஆள் இருந்தார்கள். ஒரு தச்சருக்கு இடுப்பு பாதிதான் சேர்ந்திருந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போனது சரியில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். வாசலில் அவள் குழந்தையின் கையைப் பிடிக்கப் போனாள். குழந்தை, கூட வந்திருந்த கடிகாரக்காரர் மனைவியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. தங்கச்சி கையை மடக்கிக்கொண்டு, அவர்களுக்கு நாலடி பின்னால் நடந்து போனாள். இப்போது அந்தக் கடைக்கு எதிரே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாளாம். குழந்தை பள்ளிக்கூடம் போகும்போது சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையசைக்குமாம். அங்கே அக்கம்பக்கத்தில் எது உடைந்தாலும் அவளிடம் கொண்டுபோகிறார்களாம். கை வைத்ததும், ஒன்று என்று எண்ணுவதற்குள்ளேயே ஒட்டிவிடுகிறதாம். புகார் கொடுத்த கடிகாரக்காரர்தான் சொன்னார். சந்தோஷம் வந்தால் அவள் கை போய்விடும் என்று நான் பயந்திருக்கவே வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். உயிரோடிருந்த மகளைச் செத்துவிட்டதாகத் தாயையும், உயிரோடிருந்த தாயைச் செத்துவிட்டதாக மகளையும் ஏழு வருடம் நம்பவைத்தது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. அதற்காக முழு மனதோடு வருந்துகிறேன். சொல்லப்போனால் அவர்களைவிட என் துக்கம்தான் பெரியது. அவர்கள் இரண்டு பேரும் அழுது தீர்த்தார்கள். நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு அழாமல் இருந்தேன். இனி அவர்களில் ஒருத்தியும் என் வாசலில் வந்து நிற்கப்போவதில்லை. எண்ணுங்கள்.

ம், எண்ணிக்கொண்டுதான் இருக்கிறீர்களா? பத்து ஆகிவிட்டதா? இன்னும் கொஞ்சம் எண்ணுங்கள், என் கை எப்போதும் நிதானம்தான்.

இந்தச் சாசரை எந்தக் கடையில் வாங்குகிறீர்கள்? மண் மட்டம். வேறு கடையில் வாங்கினது ஒன்று இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள்.