மூடியை மூடியவர்

மரக்காணத்தில் எந்தப் பொருளையும் திறந்து வைக்க முடியாது, சார். உப்பளக் காற்று எல்லாவற்றையும் தின்றுவிடும். டிவிக்கு உறை, மிக்சிக்குத் துணி, தையல் மிஷினுக்குப் பழைய லுங்கி. எதையும் பயன்படுத்திய கையோடு மூடிவிடுவது இந்த ஊர்ப் பழக்கம். மீன் ஏலக்கூடத்து லேப்டாப்பை அருக்காணி மூடியதும் அந்தப் பழக்கத்தில்தான். அவரை நான் ஒருபோதும் குறை சொன்னதில்லை. கேட்டவர்களிடம், மூடியது அவர் என்று மட்டும்தான் சொன்னேன்.

விசாரணைக்கு என்று கூப்பிட்டு டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நான் வெங்கடாசலம். பஜாரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. மரக்காணம் வட்டாரக் கட்டற்ற மென்பொருள் பேரவையின் நிறுவனத் தலைவரும் நானே. உறுப்பினர்கள் குறைவு, கொள்கையில் உறுதியானவர்கள் எங்கும் குறைவுதான். கீழ்புத்துப்பட்டிலிருந்து கீபோர்டு மாற்ற வரும் லேப்டாப்பில்கூட, கேட்காமலேயே விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுப்பேன். சிலர் திரும்பி வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். விடுதலையை விரும்பாதவர்களுக்கும் அதைக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

குப்பத்தில் கடல் எச்சரிக்கையை அதுவரை விஜயகுமார் என்பவர் மைக்கில் சொல்லி வந்தார். செல்போனைப் பார்த்து, தொண்டையைச் செருமி, "யாரும் இன்னிக்குக் கடலுக்குப் போவாதீங்கப்பா" என்பார். அவ்வளவுதான் அவருடைய தொழில்நுட்பம். நான் ஏலக்கூடத்தில் ஒரு லேப்டாப்பை ஒலிபெருக்கியோடு இணைத்தேன். எச்சரிக்கை வந்தால் அதுவே இணையத்தில் எடுத்துத் தமிழில் வாசிக்கும். வராவிட்டால் சும்மா இருக்கும். திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். ஃபிளெக்ஸில் என் படம் லேப்டாப்பைவிடப் பெரிதாக இருந்தது. அது அச்சகத்தாரின் முடிவு. விஜயகுமார் மைக் ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டு அன்றோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு சின்னக் குறை இருந்தது. மூடினால் லேப்டாப் தூங்கிவிடும். திறந்தால் பாதிதான் விழிக்கும். விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும், ஸ்பீக்கர் செத்திருக்கும். ஆஃப் செய்து மறுபடி போட்டால்தான் சரியாகும். அருக்காணியின் வீட்டுக்காரர் பக்கிரி ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டார்: "இன்னா தம்பி, ஒன் பொட்டிக்குச் சுகரா? எப்பப் பாத்தாலும் அசந்து கெடக்குது?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூடினாலும் தூங்காதே என்று செட்டிங்கில் ஒரு வரி எழுதினால் போதும். எழுதினேன். ஐப்பசி வரை பிசகே இல்லை. ஆனால் அது ஒட்டுப்போடுகிற வேலை, தீர்வல்ல. கோளாறு லினக்ஸின் உள்கருவான கெர்னலுக்குள் இருந்தது. அதை எழுதுகிறவர்களுக்கு முறையாகத் தெரிவித்தேன். ஜெர்மனியிலிருந்து ஒருவர் பதில் போட்டார். புதிய கெர்னலிலும் இப்படி ஆகிறதா, ஆகிறதென்றால் அந்த நிலையிலேயே லாக், அதாவது உள்ளே நடப்பதன் பதிவை, எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அந்தப் பதிலைப் பிரின்ட் எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன்.

பிறகு புதிய கெர்னலைப் போட்டு, அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். கோளாறு தானாக வர வேண்டும், சார். அப்போதுதான் அது சோதனை. ஏலக்கூடத்தைப் பெருக்குகிற அருக்காணி, போகும்போது லேப்டாப்பை மூடித் துண்டு போர்த்துவார், விடியலில் வந்து திறந்து வைப்பார் என்பது எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மூடமாட்டார்.

அன்று விடியலில் நான் போனபோது அவர் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். கறுப்புத் திரை, விசிறிச் சத்தம். நான் எதிர்பார்த்தபடியே. என் இன்னொரு லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து உள்ளே பார்த்தேன். மூளை விழித்துத்தான் இருந்தது. எச்சரிக்கையை வாங்கி, செத்த ஸ்பீக்கருக்குள் ஒழுங்காக வாசித்தும் முடித்திருந்தது.

பெரிய போன் வைத்திருப்பவர்கள் அதில் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பக்கிரியிடம் பட்டன் போன். கட்டுமரத்தில் தனியாக நண்டு வலை எடுக்கப் போகிறவர். துடுப்போடு வந்து நின்றார்.

"இன்னா தம்பி, பொட்டி எதுனா சொல்லிச்சா?"

"சத்தம் எதுவும் வரலண்ணே."

"அப்பக் கடல் நல்லாத்தான் இருக்குது. வர்றேன்."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வாயால் சொல்வதென்றால் விஜயகுமாரே போதுமே, இயந்திரம் எதற்கு? கணக்கும் போட்டிருந்தேன். லாக் எடுத்ததும் ரீஸ்டார்ட் செய்வேன், ஒலிபெருக்கி முழங்கும், பக்கிரி அதிக தூரம் போயிருக்கமாட்டார், கேட்டுத் திரும்பிவிடுவார். ரீஸ்டார்ட் செய்ய ஒரே கட்டளைதான். கொடுத்தால் அந்த நிலை அழிந்துவிடும். மறுபடி எப்போது வாய்க்குமோ. கேட்டதையெல்லாம் எடுத்தேன். நம் ஊர் நெட் உங்களுக்குத் தெரியும். அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்த்த பிறகே ரீஸ்டார்ட் செய்தேன்.

ஒலிபெருக்கி அருமையாகப் பேசியது. காற்று கடலிலிருந்து வீசத் தொடங்கியிருந்தது. சத்தம் முழுக்க உப்பளப் பக்கம் போனது.

முதலில் கட்டுமரம் கரை ஒதுங்கியது. அப்புறம் பக்கிரி.

பெட்டிக்கு என்ன ஆனது என்று ஊரில் கேட்டார்கள். மூடி வைத்ததால் தூங்கிவிட்டது என்றேன். யார் மூடியது என்று ஒருவர் கேட்டு முடிப்பதற்குள் அருக்காணி, "நாந்தான். நாந்தான் மூடினேன்" என்றார். நான் ஆமாம் என்றேன். தகவல் சரிதானே. அந்த வரியைப் பற்றி அங்கே பேசினால் யாருக்குப் புரியும்? உங்களிடம்தான் முதல்முறையாகச் சொல்கிறேன். அதை எடுத்தது நான். பக்கிரி கேட்டபோது எச்சரிக்கை என் கண்ணெதிரே, என் இன்னொரு லேப்டாப்பின் திரையில் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்.

கோளாறு இப்போது சரியாகிவிட்டது. திருத்தத்தின் கீழே, தெரிவித்தவர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். எங்கெங்கோ இருக்கிற லேப்டாப்கள் இனி ஒழுங்காக விழிக்கும். போன வாரம் அருக்காணி வீட்டுக்கே எடுத்துப்போய்க் காட்டினேன். மூடினேன், திறந்தேன், உடனே விழித்துக்கொண்டது. "இனிமே நீங்க தாராளமா மூடலாங்கக்கா" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். ஒரு நன்றி சொல்லியிருக்கலாம், சார்.