வழமையான இடத்துப் பரு

முகத்துக்குப் புதிதாக ஒன்றைப் பூசத் தொடங்கினால் முதலில் நாலு பரு கிளம்புவது வழமைதான். பயப்படத் தேவையில்லை. வெள்ளவத்தையில் என்னுடைய பார்லருக்கு வருகிற பெண்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும். இது விளங்காவிட்டால் நான் செய்தது விளங்காது.

நீங்கள் ஷஹீமாவின் சட்டத்தரணி. அந்தப் போத்தலை என் தங்கச்சி தாரிகாவிடம் கொடுத்தது யார் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். அதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். ஆனால் வெயிலில் கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடை வரைக்கும் வந்து, உங்கள் மாடிப்படியும் ஏறிய பிறகு, ஒரு சொல்லோடு திரும்பிப் போக எனக்கு மனமில்லை.

தோலுக்கு அடியில் ஏற்கெனவே உருவாகிக் கிடந்த பரு, மருந்து பட்டதும் அவசரமாக மேலே வரும். அதை நாங்கள் பேர்ஜிங் என்போம். அது எப்போதும் பரு வருகிற இடத்திலேயே வரும், சின்னதாக வரும், வந்த வேகத்தில் காய்ந்தும் போகும். பொறுத்துக்கொண்டு பூசினால் முகம் தெளிந்துவிடும். மற்றது எரிச்சல். ஒருநாளும் பரு வராத கன்னத்திலும் கண்ணுக்குக் கீழேயும் கழுத்திலும் வரும். தோல் இறுகிப் பளபளக்கும், சும்மா தண்ணீர் பட்டாலே எரியும். அப்போது அந்த நிமிடமே நிற்பாட்ட வேண்டும். இரண்டும் முதற் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பழகிய கண்ணுக்கு அப்படி இருக்காது. என்னுடையது பழகிய கண்.

வீட்டில் நான்தான் வடிவானவள். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது. மூத்தவள் வடிவு, இளையவள் கெட்டிக்காரி என்று எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பங்கு பிரித்துவைத்திருந்தார்கள். தாரிகாவுக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நெற்றியும் நாடியும் பருவாக இருந்தன. அவள் வங்கியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் பார்லருக்கு வந்து கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். நான் ஆவி பிடித்து, துடைத்து, பூசிவிடுவேன். அவள் முகத்தில் என் விரல் படாத இடம் கிடையாது. அது முழுக்க மாறிவிட வேண்டும் என்று நான் விரும்பினேனா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு என்னிடம் சொல்லாமல் ஒரு தோல் டொக்டரிடம் போய் ஜெல் ஒன்று வாங்கிப் பூசத் தொடங்கினாள். கொஞ்ச நாளில் பரு குபுகுபுவென்று கிளம்பியது. அப்போது மட்டும் என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, இஞ்ச பாருங்கோ, நாடியெல்லாம் போட்டிருக்கு. நிப்பாட்டவோ?"

பார்த்தேன். நெற்றியும் நாடியும்தான். கன்னத்தில் ஒன்றும் இல்லை. சின்னச் சின்னப் பரு, பாதி ஏற்கெனவே காயத் தொடங்கியிருந்தன. பார்லருக்குத் தொழில் பழக வந்த முதல் வார மாணவிகூட இது பேர்ஜிங் என்று சொல்லியிருப்பாள்.

"உனக்கு ஒத்துவரேல்லையடி. இண்டைக்கே நிப்பாட்டு" என்றேன்.

அவள் நிற்பாட்டவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில், காலி வீதியில் கிரீமும் பவுடரும் விற்கிற ஷஹீமாவின் கடைக்குள் நுழைந்து அவளிடமும் முகத்தைக் காட்டியிருக்கிறாள். அந்த மனுசி லைட்டுக்குக் கீழே நாடியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மகள், எப்பவும் வார எடத்துலதானே வந்தீக்கி. பயப்பட வாணாம், பொறுத்துப் பாருங்க" என்றாளாம். தாரிகா இதை எனக்குப் பிறகு ஒருநாள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ஷஹீமா பேசுகிற மாதிரியே பேசிக் காட்டினாள்.

அவள் முகம் தெளிந்தது. தெளிந்தது என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. அந்தப் பருக்களுக்குப் பின்னால் அப்படி ஒரு முகம் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வருவதும் நின்றது. வரத் தேவை இருக்கவில்லை. பூசுவது, விடுவது எல்லாம் ஷஹீமாவிடம் கேட்டுத்தான். ஷஹீமா அக்கா இப்படிச் சொன்னவ, ஷஹீமா அக்கா அப்படிச் சொன்னவ. அக்கா என்ற சொல்லை அவள் இன்னொருத்திக்குக் கொடுத்ததைக் கேட்டுக்கொண்டு நான் தேத்தண்ணீர் ஊற்றினேன்.

தாரிகாவுக்குச் சுகிர்தனோடு கலியாணம் பேசி முடிந்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு, என் கணவர் வரதராசா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உம்மட தங்கச்சி இப்ப உம்மை விட வடிவா வந்திட்டா, என்ன?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னார். கலியாணமாகி வந்த நாளிலிருந்து என் முகத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லை, அது தெரிந்த விஷயம்தானே என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பொம்பிளை வெளிக்கிடுத்துவது என் தொழில். எத்தனையோ வீட்டு மணப்பெண்களை நான் அலங்கரித்து மேடைக்கு அனுப்பியிருக்கிறேன். தாரிகாவையும் நான்தான் வெளிக்கிடுத்துவேன் என்பது பேசாமலே முடிவான விஷயம். ஆனால் ஒரு நாள் அவள் ஷஹீமாவின் கடையிலிருந்து ஒரு பை நிறையச் சாமான் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "அக்கா, இதுகளை மட்டும் போட்டு வெளிக்கிடுத்துங்கோ. ஷஹீமா அக்கா என்ர தோலுக்கெண்டு பார்த்து எடுத்துத் தந்தவ" என்றாள். நான் சரி என்றேன்.

அந்த மாதம் ஷஹீமா உம்ரா செய்ய மக்காவுக்குப் போனாள். நான் அதற்காகக் காத்திருந்தேன் என்று நீங்கள் நினைப்பது சரி.

பார்லரில் தோலின் மேற்படையை உரித்தெடுக்கிற திரவம் ஒன்று வைத்திருக்கிறோம். எப்போதாவது ஒரு தடவை, சில நிமிடம் பூசி, உடனே கழுவிவிட வேண்டிய சாமான். டொக்டரின் ஜெல் பூசுகிற முகத்துக்கு அது ஆகவே ஆகாது. அதில் ஒரு போத்தலை எடுத்து, லேபிளை உரித்துவிட்டு, தாரிகாவிடம் கொடுத்தேன். "ஷஹீமா போக முதல் உனக்கெண்டு தந்துவிட்டவ. ஜெல்லுக்கு மேல ஒவ்வொரு இரவும் பூசிக்கொண்டு படுக்கட்டாம். கலியாணத்துக்கு முகம் மினுங்குமாம்."

என் பெயரைச் சொல்லியிருந்தால் அவள் இரண்டு தடவை யோசித்திருப்பாள். ஷஹீமாவின் பெயருக்கு யோசிக்கவில்லை. அதுவும் எனக்கு நோகத்தான் செய்தது.

கன்னம் சிவந்தது. கண்ணுக்குக் கீழே தோல் இறுகிப் பளபளத்தது. கழுத்தில் திட்டுத் திட்டாகப் பொங்கியது. அவள் வந்து பார்லர்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "அக்கா, முகம் கழுவவே ஏலாமல் எரியுது. நிப்பாட்டவோ?" என்றாள். அதே கேள்விதான், ஆனால் இந்த முறை அவள் குரலில் பயம் இருந்தது.

இந்த இடத்தை மட்டும் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். நான் அவளுக்குச் சொன்ன பதில் இது:

"போன முறை நான் நிப்பாட்டச் சொல்லித்தானே பிழைவிட்டனான். ஷஹீமா சொன்னதுதானே சரியா வந்தது. இந்த முறை நான் வாய் திறக்கமாட்டன். இது பேர்ஜிங். விடாமல் பூசு."

என் பிழையை நானே ஒத்துக்கொண்டதில் அவளுக்கு மனம் இளகிவிட்டது. என்னைக் கட்டிப்பிடித்தாள். ஷஹீமாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பிக் கேட்கவா என்றாள். "உம்ராவுக்குப் போன மனுசியை உதுக்கெல்லாம் கரைச்சல் படுத்தாதை. அவ நிம்மதியா வணங்கட்டும்" என்றேன். தாரிகா அப்படிப்பட்ட பிள்ளை, அடுத்தவரின் வணக்கத்தைக் குழப்பமாட்டாள். போனைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அம்மாவுக்குத் தோலும் தெரியாது மருந்தும் தெரியாது. கலியாணப் பெண்ணின் முகம் இப்படி ஆனால் அம்மாவுக்கு ஒரே காரணம்தான். "ஆற்றையோ கண் பட்டிட்டுது. மலர், நீ அவளுக்கு அக்கா, நல்லா வாழுற பிள்ளை, நீயே கண்ணூறு கழி" என்றா. நான் உப்பும் செத்தல் மிளகாயும் கையில் பொத்திப் பிடித்து, தாரிகாவை மூன்று தரம் சுற்றி, பால்கனியில் சிரட்டைக் கரி நெருப்பில் போட்டேன். கண் பட்டிருந்தால் மிளகாய் கமறாது என்பார்கள். அன்று கமறவில்லை. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, யாருடைய கண்ணோ என்று அழுதா. நான் சட்டியைக் கழுவி வைத்தேன்.

கலியாண நாளன்று அவளுடைய கன்னத்தில் தோல் இருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஈரமாக இருந்தது. நான் அதற்கு மேல் பூச்சுப் பூசினேன், பவுடர் போட்டேன், இன்னொரு படை பூசினேன். தொழில் தெரிந்தவள் செய்கிற வேலையாக அது இருந்தது. தாரிகா கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மணவறையில் ஓம குண்டத்துக்கு முன்னால் காலை முழுதும் இருந்தாள். வந்தவர்கள் என்னிடம், பொம்பிளையை இப்படி வெளிக்கிடுத்த உன்னைவிட்டால் ஆள் இல்லை என்றார்கள். படங்களில் அவள் மிக வடிவாக இருக்கிறாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அன்று மாலை பூச்சைத் துடைக்கும்போது அதோடு தோலும் வந்தது. பிறகு கிருமி பிடித்து ஆஸ்பத்திரி. இப்போது இரண்டு கன்னத்திலும் கறுத்த குழிகள். அவை மாறாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். எனக்கு அது முன்னமே தெரியும்.

சுகிர்தனின் வீட்டார் ஷஹீமா மேல் முறைப்பாடு கொடுத்தார்கள். மக்காவிலிருந்து வந்து இறங்கிய மனுசி, அப்படி ஒரு போத்தலைத் தான் கொடுக்கவே இல்லை என்றாள். யாரும் நம்பவில்லை. நானும் பேசாமல் இருந்தேன். பேசாமலே இருந்திருப்பேன். இங்கே வந்திருக்கவும் மாட்டேன்.

ஆனால் போன வெள்ளிக்கிழமை தாரிகா, பூட்டிக் கிடக்கிற அந்தக் கடைக்குப் பின்னால் உள்ள ஷஹீமாவின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். சுகிர்தன்தான் கூட்டிக்கொண்டு போனானாம். அந்தக் குழி விழுந்த கன்னத்துக்கு ஒவ்வொரு காலையும் தானே மருந்து பூசிவிட்டுத்தான் அவன் வேலைக்குப் போகிறான். அதைப் பார்த்துக்கொண்டு நான் அவர்கள் வீட்டில் நின்றிருக்கிறேன். தாரிகா ஷஹீமாவின் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறாள். "நீங்கள் தெரியாமல் மாறித் தந்திட்டீங்கள் அக்கா. நான் கோவிக்கேல்லை. என்னை நீங்கள்தானே வடிவாக்கினனீங்கள்" என்று சொல்லியிருக்கிறாள். ஷஹீமாவும் அழுதாளாம். இரண்டு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்களாம்.

என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான். முகத்தைத் தெளிய வைத்த பெயரும் அவளுக்கு, கெடுத்த பெயரும் அவளுக்கு, கடைசியில் மன்னிப்பும் அவளுக்கு. அப்படியானால் தாரிகாவுக்கு நான் யார்? அவளுக்கு அக்கா நான். அந்தக் கன்னத்தில் இருப்பது என்னுடைய வேலை. அதை ஒரு கடைக்காரியின் பெயரில் எழுதவிட மாட்டேன்.

ஆகவே எழுதுங்கள். நேசமலர் வரதராசா. போத்தலைக் கொடுத்தது நான். எரிச்சல் என்று தெரிந்துகொண்டு, பேர்ஜிங் என்று சொன்னது நான். பொறாமை என்று மட்டும் போடாதீர்கள். பொறாமைப்படுகிறவள் அந்த முகத்தை இத்தனை வருடம் கையில் வைத்துக் கவனித்திருக்கமாட்டாள்.

தாரிகாவிடம் இதை நீங்கள்தான் சொல்லப்போகிறீர்கள். சொல்லும்போது அவளை அழவிடாதீர்கள். கண்ணீர் உப்பு, அந்தத் தோலில் பட்டால் எரியும். இதையெல்லாம் அவளுக்காக யோசிக்க என்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?